ஓமந்தூராரும் பதினாலு சீட்டும்

சென்னை அண்ணா சாலைப் பக்கம் போய் வர்றவங்க எல்லாருக்கும் ஓமந்தூரார்ங்கிற பேர் தெரியும். ஆள் யாருன்னு கேட்டாத்தான் முழிப்பாங்க. என்கூட பொட்டி தட்டுற நண்பர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். "அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்குனா வருமே, அந்த ஆஸ்பத்திரி"ன்னார். தப்பில்லை. 2010 மார்ச்சில் புதிய தலைமைச் செயலகம், சட்டமன்றம்னு திறந்த கட்டிடம் அது. ஆட்சி மாறினதும் 2014-ல் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆச்சு. 2015-லிருந்து அதே வளாகத்தில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியும் நடக்குது. வருஷத்துக்கு 100 எம்.பி.பி.எஸ். சீட்டு.

அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் முதல்வரா இருந்தப்போ போட்ட ஒரு அரசாணை, மருத்துவக் கல்லூரி சீட்டை யாருக்கெல்லாம் எப்படிப் பங்கு போடணும்ங்கிறதைப் பத்தினது. அந்த ஆணையை உச்சநீதிமன்றம் தூக்கிப் போட்டது. ஆனா அதுக்குள்ள இருந்த ஒரு சின்ன விஷயம் மட்டும் பொழைச்சுக்கிச்சு. அது பொழைச்ச கதையைத்தான் எழுதப் போறேன். ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி, அதனால பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்குங்க.

ஓமந்தூர், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போற வழியில் இருக்கும் கிராமம். அந்தக் காலத்தில் தென்னாற்காடு மாவட்டம், இப்போ விழுப்புரம் மாவட்டம். அவருக்கு அங்க ஒரு மணிமண்டபம் இருக்கு. ராமசாமி ரெட்டியார் 1895-ல் பிறந்தவர், விவசாயக் குடும்பம், காங்கிரஸ்காரர், காந்தி பக்தர், வள்ளலார் பக்தர். 1947 மார்ச்சில் பிரகாசம் மந்திரிசபை கவிழ்ந்ததும் சென்னை மாகாணத்தின் பிரிமியர் ஆனார். அப்போ முதல்வர்ங்கிற பதவிக்கு அதுதான் பேர். சுதந்திரம் வந்த அன்னிக்கு சென்னை மாகாணத்தை ஆண்டது இவர்தான். 1949 ஏப்ரல் வரை ரெண்டு வருஷம் சொச்சம் இருந்தார். அதுக்குள்ள கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம், பாரதி பாடல்களை அரசுடைமை ஆக்கினதுன்னு ஒரு பெரிய பட்டியலே இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிப் பதிவு போடலாம். இங்க நமக்கு வேண்டியது 1947 நவம்பர் மாசத்து வகுப்புவாரி ஆணை. கம்யூனல் ஜி.ஓ.ன்னு வரலாற்றுப் புத்தகங்கள்ல வருமே, அதேதான்.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

வகுப்புவாரி ஆணை ஓமந்தூரார் கண்டுபிடிச்சது இல்லை. 1921-ல் நீதிக்கட்சி ஆட்சியில் முதல் ஆணை வந்துச்சு. அது பேப்பரோட நின்னது. சுப்பராயன் மந்திரிசபையில் முத்தையா முதலியார் கொண்டுவந்த ஆணைதான் 1928-லிருந்து நிஜமாவே அமலுக்கு வந்தது. அதோட அமைப்பு ஒரு கம்ப்யூட்டர்காரனுக்கு உடனே புரியும், சுத்தமான ரவுண்ட் ராபின். 12 வேலை காலின்னா அதுல பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிமுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 1. பன்னெண்டு முடிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து சுத்தணும். முதல்ல அரசு வேலைக்குத்தான் இது இருந்தது. அப்புறம் மருத்துவம், பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கும் வந்தது.

இந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்க. ஒரு பெட்டி மட்டும் பூதாகரமா இருக்கு. "பிராமணர் அல்லாத இந்துக்கள் - 5". அந்த ஒத்தைப் பெட்டிக்குள்ள யாரெல்லாம் இருக்காங்க? நூறு காணி நிலம் வெச்சிருக்கிற மிராசுதார் வீட்டுப் பையன் இருக்கான். பட்டணத்துல வக்கீல் மாமா வீட்டுல தங்கிப் படிக்கிற பையன் இருக்கான். துணி வெளுக்கிறவர் பையனும், முடி திருத்துறவர் பையனும், சட்டி பானை செய்யுறவர் பையனும் இருக்கான். மணிலாக்கொட்டை பறிக்கப் போற கூலிக்காரர் பையனும் அதே பெட்டிதான்.

தெருக்குழாயடி மாதிரி நினைச்சுக்குங்க. எல்லாருக்கும் பொதுக் குழாய்தான், யாரையும் யாரும் தடுக்கலை. ஆனா விடிகாலையிலேயே நாலு ஆளை விட்டு வரிசையா அண்டா வைக்கிற வீடும் இருக்கு, கூலி வேலைக்குப் போயிட்டு பொழுது சாய ஒத்தைக் குடத்தோட வர்ற அம்மாவும் இருக்காங்க. அவங்க வர்றப்போ தண்ணி நின்னு போயிருக்கும். குழாய் பொதுன்னு பேர், அவ்வளவுதான்.

இதை அந்தக் காலத்திலேயே சிலர் கவனிச்சாங்க. 1934-ல் மதராஸ் மாகாணப் பிற்படுத்தப்பட்டோர் சங்கம்னு ஒண்ணு உருவாச்சு. அவங்க கேட்டது எளிமையான விஷயம்: பிராமணர் அல்லாதார்ங்கிற பேர்ல வர்ற இடம் எல்லாத்தையும் முன்னேறின சாதிகளே எடுத்துக்குது, எங்களைத் தனியா எண்ணுங்க. நீதிக்கட்சிக்கு இது கசப்பான கோரிக்கை. பிராமணர் - பிராமணர் அல்லாதார்னு ஊரை ரெண்டா பிரிச்சு அரசியல் பண்ணினவங்க, ரெண்டாவது பாதிக்குள்ளயும் ஒரு கோடு இருக்குன்னு எப்படி ஒத்துக்குவாங்க? கேட்டுக்கிட்டே இருந்தாங்க, வருஷம் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

அந்தக் கோட்டை 1947 நவம்பரில் ஓமந்தூரார் அரசாங்கம் போட்டது. 12 இப்போ 14 ஆச்சு. பிராமணர் அல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, ஹரிஜனங்கள் 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர் 1, முஸ்லிம் 1. "பிற்படுத்தப்பட்ட இந்துக்கள்"னு ஒரு தனிப் பெட்டி வகுப்புவாரிச் சுற்றுக்குள்ள வந்தது இதுதான் முதல் தடவை.

சும்மா இருக்க முடியுமா, கால்குலேட்டரை எடுத்தேன். ஆதிதிராவிடருக்கு 12-ல் 1, அதாவது 8.3 சதவீதமா இருந்தது 14-ல் 2, அதாவது 14.3 ஆச்சு. பிற்படுத்தப்பட்டோருக்கு பூஜ்யத்திலிருந்து 14.3. பிராமணர் பங்கு 16.7-லிருந்து 14.3-க்கு இறங்குச்சு. இந்த ஆணையைப் பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் இதோட நிறுத்திடுவாங்க, "பிராமணர்களுக்கு எதிரான ஆணை"ன்னு. ஆனா நிஜமாவே அடி வாங்கினது யார்? முஸ்லிம்கள் 16.7-லிருந்து 7.1. கிறிஸ்தவர்கள், ஆங்கிலோ இந்தியர்கள் அதே 16.7-லிருந்து 7.1. பாதிக்கும் கீழே. பெரிய பெட்டிக்காரங்களுக்கு 41.7-லிருந்து 42.9. அவங்க பெட்டி சுருங்கலை, உள்ள இருந்த கூட்டம்தான் குறைஞ்சது. ஆக புதுப் பெட்டிக்கான இடம் பெரும்பாலும் சிறுபான்மையினர் பங்கிலிருந்து வந்திருக்கு. ஓமந்தூராரைப் பாராட்டுற கட்டுரைகள்ல இந்தக் கணக்கு கண்ணுல படாது. எனக்கும் அவரைப் பிடிக்கும், ஆனா கணக்கு கணக்குதானே.

அந்த ரெண்டு சீட்டோட முக்கியத்துவம் அளவுல இல்லை. ஏழைக் குடும்பத்துப் பையன் தன்னைவிட நாலு தலைமுறை முன்னாடி ஓட ஆரம்பிச்சவனோட மோத வேண்டியதில்லை, தன்னை மாதிரி இருக்கிறவனோட மோதினா போதும்னு அரசாங்கம் எழுத்துல ஒத்துக்கிட்டதுதான் விஷயம். எந்தெந்தச் சமூகங்கள் அந்தப் பெட்டிங்கிறதுக்கு அரசுப் பணி விதிகள்ல ஒரு அட்டவணையே இருந்தது. இன்னிக்கு நம்ம சாதிச் சான்றிதழ்ல பி.சி., எம்.பி.சி.ன்னு வர்ற பட்டியலுக்குத் தாத்தா அது.

ரெட்டியாருக்கு இதனால சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு. "தாடியில்லாத ராமசாமி நாயக்கர்"னு அவரை ஏசினாங்க. பெரியாரோட பேரும் ராமசாமி, இவரும் ராமசாமி, தாடி மட்டும்தான் வித்தியாசம்னு கிண்டல். இதுல வேடிக்கை என்னன்னா, அதே 1948-ல் இவர் அரசாங்கம்தான் பள்ளிகள்ல இந்தியைக் கட்டாயம் ஆக்கினது, பெரியாரோட கருஞ்சட்டைப் படையைத் தடை பண்ணினது. பெரியார் ஒரு பக்கம் இந்த ஆட்சியை எதிர்த்துப் போராடிக்கிட்டே, இன்னொரு பக்கம் வகுப்புவாரி ஆணையை ஆதரிச்சார். ஒரு ஆளை ஒரே கலர்ல பெயிண்ட் அடிக்கணும்னு நினைச்சா ஓமந்தூரார் சரிப்பட்டு வரமாட்டார். காங்கிரஸ் கோஷ்டிச் சண்டை முத்தி, 1949 ஏப்ரலில் பதவியை விட்டார். குமாரசாமி ராஜா முதல்வரானார்.

அடுத்தது கோர்ட்.

1950 ஜனவரி 26 அரசியல் சட்டம் அமலுக்கு வந்துச்சு. ஆறே மாசத்துல, 1950 ஜூலை 27 அன்னிக்கு சென்னை உயர்நீதிமன்றம் வகுப்புவாரி ஆணை செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னது. ரெண்டு வழக்கு. ஒண்ணு மருத்துவக் கல்லூரி சம்பந்தப்பட்டது, செண்பகம் துரைராஜன் வழக்குன்னு சட்டப் புத்தகம் எல்லாத்துலயும் இருக்கும். இவர் உண்மையில் விண்ணப்பமே போடலைங்கிறது ஒரு துணைக்கதை. இன்னொண்ணு கிண்டி பொறியியல் கல்லூரி சம்பந்தப்பட்டது. 450-க்கு 369 மார்க் எடுத்த மாணவர் சீனிவாசன் போட்ட வழக்கு. வாதாடினவங்கள்ல ஒருத்தர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசியல் சட்ட வரைவுக் குழுவிலேயே இருந்தவர். சட்டத்தை எழுதின கையே வந்து வாதாடினா எதிர்த்தரப்பு என்ன பண்ணும்!

உச்சநீதிமன்றத் தீர்ப்புல ஒரு புள்ளிவிவரம் வருது. அதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் வேற எதுவும் ஓடலை எனக்கு. அப்போதைய சென்னை மாநிலத்துல நாலு அரசு மருத்துவக் கல்லூரி, மொத்தம் 330 சீட்டு. நாலு பொறியியல் கல்லூரி, மொத்தம் 395 சீட்டு. அந்தச் சென்னை மாநிலம்னா இன்னிக்கு இருக்கிற தமிழ்நாடு மட்டும் இல்லை, ஆந்திராவோட பெரும்பகுதியும் மலபாரும் தென்கன்னடமும் சேர்த்து. 1951 கணக்கெடுப்புப்படி 5.7 கோடி ஜனம். 5.7 கோடி பேருக்கு வருஷத்துக்கு 395 இன்ஜினியர். அதுலயும் வெளிமாநிலத்துக்கு 21, அரசு விருப்பப்படி கொடுக்க 12 போக மீதிதான் இந்த 14 பங்கு விளையாட்டு. இன்னிக்குத் தமிழ்நாட்டில் மட்டும் ஒண்ணரை லட்சத்துக்கு மேல பொறியியல் சீட்டு இருக்கு, காலியாவும் கிடக்கு. அன்னிக்கு ஒரு சீட்டுங்கிறது ஒரு குடும்பத்தோட மூணு தலைமுறைத் தலையெழுத்து. ரெண்டு தரப்புமே ஏன் அப்படி மல்லுக்கு நின்னாங்கன்னு இந்த நம்பரைப் பார்த்தாத்தான் புரியும்.

1951 ஏப்ரல் 9 அன்னிக்கு ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. சாதி, மதம் காரணமா மட்டும் யாருக்கும் அரசுக் கல்வி நிலையத்துல இடம் மறுக்கக்கூடாதுன்னு 29(2) பிரிவு சொல்லுது, அதனால கல்லூரிச் சேர்க்கைக்கு இந்த ஆணை செல்லாது. நலிந்த பிரிவினரோட கல்வியை அரசு கவனிக்கணும்னு 46-வது பிரிவு சொல்லுதேன்னு அரசுத் தரப்பு வாதாடினது. அது வழிகாட்டும் நெறிதான், அடிப்படை உரிமையை மீறிப் போக முடியாதுன்னு கோர்ட் சொல்லிருச்சு.

பரவலா எல்லாரும் இந்தத் தீர்ப்போட நிறுத்திக்குவாங்க. ஆனா அதே நாள், அதே அமர்வு இன்னொரு தீர்ப்பும் கொடுத்தது. வெங்கடரமணா வழக்கு. இது மாவட்ட முன்சீப் வேலைக்கு வகுப்புவாரி ஆணையைப் பயன்படுத்தினதை எதிர்த்துப் போட்டது. வேலைவாய்ப்புக்கு மட்டும் அரசியல் சட்டத்துல 16(4)ன்னு ஒரு பிரிவு ஏற்கனவே இருந்தது: பின்தங்கிய வகுப்பினருக்கு இடம் ஒதுக்கலாம். கோர்ட் என்ன சொன்னதுன்னா, ஹரிஜனங்களுக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கினதைக் குறை சொல்ல முடியாது, 16(4) அதை அனுமதிக்குது. மத்த வகுப்புகளுக்குப் பங்கு போட்டதுதான் செல்லாது.

கவனிச்சீங்களா? 1921-லிருந்து முப்பது வருஷமா இருந்த கட்டுமானம் முழுக்க இடிஞ்சு விழுது. பிராமணர் பெட்டி, பிராமணர் அல்லாதார் பெட்டி, முஸ்லிம் பெட்டி, கிறிஸ்தவர் பெட்டி எல்லாம் போச்சு. இடிபாட்டுக்குள்ள நிமிர்ந்து நின்னது ரெண்டே ரெண்டு பெட்டி. ஒண்ணு ஆதிதிராவிடருக்கானது. இன்னொண்ணு மூணரை வருஷம் முன்னாடி ஓமந்தூரார் அரசு புதுசா செருகின பிற்படுத்தப்பட்டோர் பெட்டி. 1947-ல் அந்தக் கோட்டைப் போடாம 1928 பட்டியலையே ஓட்டிக்கிட்டு இருந்திருந்தா, அன்னிக்கு வெங்கடரமணா வழக்குல காட்டுறதுக்குப் பிற்படுத்தப்பட்டோர்னு தனியா ஒரு பெட்டியே நம்மகிட்ட இருந்திருக்காது.

அதுக்கப்புறம் நடந்தது பலருக்குத் தெரிஞ்சதுதான். உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்த உடனேயே 1950 ஆகஸ்ட்ல பெரியார் போராட்டம் ஆரம்பிச்சார், மாநிலம் முழுக்கக் கடையடைப்பு, ஊர்வலம். டெல்லி அசைஞ்சது. 1951 ஜூன்ல முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்துச்சு, கல்விக்கும் இட ஒதுக்கீடு செய்யலாம்னு 15(4) பிரிவைச் சேர்த்தாங்க. சென்னையில நடந்ததுதான் இதுக்குக் காரணம்னு நேருவே பாராளுமன்றத்துல சொன்னார். திருத்தத்துக்கு அப்புறம் சென்னை மாநிலத்துல வந்த புது ஆணையில பழைய பங்கு எதுவும் இல்லை. பிற்படுத்தப்பட்டோருக்கு 25 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடிக்கு 15, மீதி எல்லாம் பொது. 14-ல் 2 இப்போ 4-ல் 1.

இங்கேர்ந்து வேகமா ஓட்டிடறேன். 1971-ல் சட்டநாதன் ஆணையத்துக்கு அப்புறம் 25, 31 ஆச்சு. 1979-ல் எம்.ஜி.ஆர். ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல இருந்தா சலுகை கிடையாதுன்னார். 1980 மக்களவைத் தேர்தல்ல தோத்ததும் அதை வாபஸ் வாங்கி 31-ஐ 50 ஆக்கினார். 1990-ல் பழங்குடியினருக்குத் தனியா 1 சதவீதம் வந்து மொத்தம் 69.

சட்டநாதன் அறிக்கையில கொஞ்சம் நிக்கணும். பிற்படுத்தப்பட்டோர்ங்கிற பெட்டிக்குள்ளயும் சில சாதிகளே பெரும்பாலான இடத்தை எடுத்துக்குது, மிகவும் பின்தங்கினவங்களைத் தனியாப் பிரிங்கன்னு அவர் சொன்னார். எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்லை? 1934-ல் சொன்னதேதான். பெட்டி மட்டும் வேற. அரசாங்கம் சதவீதத்தை ஏத்தினதே தவிர, பிரிக்கலை.

பிரிக்கிறதுக்கு என்ன விலை ஆச்சுன்னு எங்க மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திண்டிவனத்துல டாக்டரா இருந்த ராமதாஸ் 1980-ல் வன்னியர் சங்கம் ஆரம்பிச்சார். 1987 செப்டம்பர்ல ஒரு வாரம் சாலை மறியல். 21 பேர் செத்துப்போனாங்க. விழுப்புரம் பக்கம் ஊருக்கு ஊர் அவங்களுக்கு நினைவுத் தூண் இருக்கு. மரம் வெட்டிப் போட்ட போராட்டம்னு வெளியூர்க்காரங்க இன்னிக்கும் கிண்டலா சொல்லுவாங்க. அந்த முறை சரியா தப்பான்னு தனியா வாதாடலாம், ஆனா கேட்டது என்னங்கிறதை மறந்துடறோம். 1989-ல் கலைஞர் ஆட்சியில 50-ஐ 30, 20னு உடைச்சு மிகவும் பிற்படுத்தப்பட்டோர்னு பெட்டி போட்டாங்க. அப்புறம் 2007-ல் அந்த 30-க்குள்ள முஸ்லிம்களுக்கு 3.5, 2009-ல் பட்டியல் சாதிக்கான 18-க்குள்ள அருந்ததியருக்கு 3. 2021-ல் வன்னியருக்கு 10.5 உள் ஒதுக்கீடு வந்து, உயர்நீதிமன்றமும் அடுத்த வருஷம் உச்சநீதிமன்றமும் ரத்து பண்ணிருச்சு. போதுமான தரவு இல்லைங்கிறது முக்கியமான காரணம்.

ஆக நம்ம மாநிலத்து இட ஒதுக்கீட்டு வரலாறுங்கிறது, பெரிய பெட்டியை உடைச்சுச் சின்னப் பெட்டி செய்யுற வரலாறு. முதல் உடைப்பு 1947. அதைச் செஞ்சவர் உடைஞ்ச பெட்டியோட பெரிய பாதியைச் சேர்ந்தவர். இதுதான் எனக்கு ஓமந்தூரார்கிட்ட ரொம்பப் பிடிச்சது. கீழே இருக்கிறவன் கேட்கிறது வேற, மேலே உட்கார்ந்திருக்கிறவர் கோடு போட்டுக் கொடுக்கிறது வேற.

இதெல்லாம் எனக்கு எதுக்குன்னு கேப்பீங்க. 2015-ல் நான் அண்ணா பல்கலைக்கழகத்துல பொறியியல் கவுன்சலிங் போனவன். இப்போ மாதிரி ஆன்லைன் கிடையாது. விடியக்காலை பஸ்ஸைப் பிடிச்சு அப்பாவும் நானும் போயிட்டோம். அப்பா கையில மஞ்சப்பை, அதுக்குள்ள சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ். ஹால்ல பெரிய திரை. கல்லூரி பேர், பாடப்பிரிவு, அதுக்கு நேரா ஓ.சி., பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி.ன்னு கட்டம் கட்டமா எண்ணிக்கை. பார்த்துக்கிட்டு இருக்கும்போதே உள்ளே யாரோ சீட் எடுக்க எடுக்க எண் குறையும். எனக்கு வேணும்னு குறிச்சு வெச்சிருந்த கல்லூரியில கம்ப்யூட்டர் சயின்ஸ், ஓ.சி. கட்டத்துல பூஜ்யம், எம்.பி.சி. கட்டத்துல 3. கொஞ்ச நேரத்துல 2. அப்பா திரையைப் பார்க்கவே இல்லை, என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தார். எங்க நம்பர் கூப்பிடும்போதும் 2 அப்படியே இருந்தது. எங்க வீட்டுல முதல் டிகிரி அது. திரையில ஏழு கட்டம் இருந்துச்சு, அதுல ஒரு கட்டம் எனக்கு. ஓமந்தூரார் பேர் அப்போ எனக்கு மருத்துவமனைப் பேராக்கூடத் தெரியாது :-)

சரி, சீட்டுக் கணக்கு ஒரு முனைதான். இன்னொரு முனை பள்ளிக்கூடம். கல்லூரி வாசல்ல கட்டம் போட்டு வெச்சாலும், அந்த வாசல் வரைக்கும் வர்றதுக்குப் பன்னெண்டு வருஷம் படிக்கணுமே. 1951-ல் இந்தியா முழுக்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க 18 சதவீதம்தான். அந்தக் காலத்துக் கூலிக்காரர் பையனுக்கு மருத்துவ சீட்டு 14-ல் 2 ஆனா என்ன, 14-ல் 10 ஆனா என்ன? அவன் மூணாங்கிளாஸ்லயே நின்னிருப்பான். காமராஜர் காலத்துல ஊர் ஊரா பள்ளியும் மதிய உணவும் வந்தப்புறம்தான் அந்தக் கட்டத்துல ஆள் வந்து நிக்க ஆரம்பிச்சாங்க. ரெண்டும் சேர்ந்தாத்தான் வேலை செய்யும். 2011-லயும் எங்க விழுப்புரம் மாவட்ட எழுத்தறிவு சுமார் 72 சதவீதம், மாநிலம் 80.

பணம் கட்டி கோச்சிங் போறவனும் அரசுப் பள்ளிப் பையனும் ஒரே சாதிப் பெட்டிக்குள்ள மோதுறது இந்தக் காலத்துப் பிரச்சனை. 2017-ல் நீட் வந்ததும் இது பட்டவர்த்தனமா தெரிஞ்சது. அரசுப் பள்ளியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்ங்கிற நிலைமை. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்துல 7.5 சதவீதம் தனியா ஒதுக்கிச் சட்டம் வந்தது, முதல் வருஷமே எண்ணிக்கை 400-ஐத் தாண்டுச்சு. அடுத்த வருஷம் பொறியியலுக்கும் வந்தது. இதுவும் பெட்டி உடைப்புதான். இந்த முறை கோடு சாதி மேல இல்லை, எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சேங்கிறது மேல. ஓமந்தூரார் பேர்ல இருக்கிற கல்லூரிக்கும் அந்த வழியா வருஷா வருஷம் பிள்ளைங்க போறாங்க.

பதவியை விட்டப்புறம் ரெட்டியார் என்ன ஆனார்னு சொல்லணும்ல. அரசியல் போதும்னு வடலூருக்குப் போயிட்டார். வள்ளலார் ஊர். அங்க சுத்த சன்மார்க்க நிலையம்னு ஒண்ணை நிறுவி, வள்ளலார் குருகுலம்ங்கிற பள்ளிக்கூடத்தை நடத்தினார். மாகாணத்தையே ஆண்ட மனுஷன், கடைசி இருபது வருஷம் கிராமத்துப் பிள்ளைங்க பள்ளியோட. 1970-ல் இறந்தார். அந்தப் பள்ளி இன்னிக்கும் நடக்குது.

திண்டிவனத்துலயே, ஓமந்தூர்லேர்ந்து கொஞ்ச தூரத்துல, ரோசனைங்கிற இடத்துல தாய்த்தமிழ்ப் பள்ளின்னு ஒண்ணு இருக்கு. பேராசிரியர் பிரபா கல்விமணி முயற்சியில வந்தது. கட்டணம் இல்லாம, நன்கொடையை வெச்சு நடத்துறாங்க. படிக்கிறதுல நிறைய இருளர் வீட்டுப் பிள்ளைங்க. செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் அப்பா அம்மா குடும்பத்தோட போனா, பிள்ளையும் கூடவே போயிடும், படிப்பு அந்த வருஷத்தோட நின்னுடும். இருளர் பழங்குடிப் பட்டியல்ல இருக்காங்க, அவங்களுக்கான அந்த 1 சதவீதக் கட்டம் 1990-லிருந்து இருக்கு. ஆனா அந்தக் கட்டத்துக்குள்ள நுழையணும்னா பழங்குடின்னு சான்றிதழ் வேணும். என் சாதிச் சான்றிதழ் தாலுகா ஆபீஸ்லயே கிடைச்சது. பழங்குடிச் சான்றிதழ் ஆர்.டி.ஓ. கொடுக்கணும், விசாரணை, ஆதாரம், அப்பாவுக்கு இருக்கா, தாத்தாவுக்கு இருக்கான்னு கேள்வி. தாத்தா ஏரிக்கரையில குடிசை போட்டு வாழ்ந்தவர், அவர்கிட்ட என்ன காகிதம் இருக்கும்? சான்றிதழ் கேட்டு மனு கொடுத்துட்டு வருஷக்கணக்கா அலையுற குடும்பங்க இன்னிக்கும் திண்டிவனம் பக்கம் இருக்கு. ரோசனைப் பள்ளியில அஞ்சாவது முடிக்கிற பிள்ளைங்கள்ல எத்தனை பேர் கையில அந்தக் காகிதம் இருக்குங்கிறதைப் பொறுத்துத்தான், இன்னும் ஏழு வருஷம் கழிச்சு அந்த ஏழாவது கட்டத்துல யார் பேர் வரும்ங்கிறது.